உள்ளதை உள்ளவாறு காணல்

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடுமா என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. கேட்ட அளவில் சிரிப்பு வருகிறது. சற்று நின்று எண்ணிப் பார்த்தாலோ, அந்தப் பூனையின் வழியை நாமும் பலமுறை பின்பற்றுகிறோம் என்பது புலனாகும். வேண்டாத செய்தி வரும்போது அதனைக் கேளாதிருக்க விரும்புகிறோம். கேட்டாலும் நம்பாதிருக்க முயல்கிறோம். நம்பினாலும் பிறர் அறியாதவாறு மறைக்கப் பார்க்கிறோம். இம்மூன்றும் ஒரே குறையின் மூன்று நிலைகள்.

துன்பத்தை மாற்ற வேண்டும் என்னும் ஆசை எல்லார்க்கும் உண்டு. ஆனால், மாற்றத் தொடங்குமுன் அது எத்தகையது, எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது என்று உள்ளவாறு அறிந்து, ஆம், இது இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் துணிவு எல்லார்க்கும் இருப்பதில்லை. ஒப்புக்கொள்வது என்றால் பணிந்துபோவது என்று பலர் பொருள் கொள்கின்றனர். அது பொருந்தாது. எல்லாம் தலைவிதி என்று இருப்பது ஒன்று. இதுதான் இன்றைய நிலை என்று கணக்கெடுப்பது மற்றொன்று. முன்னது கையைக் கட்டிப்போடுகிறது. பின்னது கைக்கு வேலையைக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை விளக்குவதற்கு, நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். பெரியம்மை என்னும் கொடுநோய் இந்தியாவை விட்டு அகன்ற வரலாறு அது.

மாணவ நண்பர்களே, நீங்கள் அந்த நோயைக் கண்டதில்லை, இனியும் காணமாட்டீர்கள். உங்கள் பாட்டன் பாட்டியரைக் கேட்டால் சொல்வார்கள். வைசூரி என்றும், அம்மை என்றும், அம்மன் வந்திருக்கிறாள் என்றும் மக்கள் அதனைக் குறித்தனர். கடுங்காய்ச்சல் கண்டு, சில நாள்களில் முகமும் கைகால்களும் கொப்புளங்களால் நிறைந்துவிடும். அதன் கொடிய வகை, அம்மை குத்திக்கொள்ளாதவரைப் பற்றினால், ஏறத்தாழ 10 பேரில் 3 பேர் இறந்தனர். பிழைத்தவர் பலர் முகத்தில் வாழ்நாள் முழுதும் தழும்பைச் சுமந்தனர். சிலர் கண்ணொளியை இழந்தனர். நோய் வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்து எதுவும் அந்நாளில் இல்லை.

வருமுன் காக்கும் மருந்தோ இருந்தது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்னும் மருத்துவர் 1796ஆம் ஆண்டில் மாட்டம்மைப் பாலைச் சிறுவன் ஒருவனுக்கு வைத்து, அது பெரியம்மையைத் தடுக்கும் என்று காட்டினார். 1802ஆம் ஆண்டிலேயே அம்முறை பம்பாய்க்கு வந்துவிட்டது. சென்னையை அடுத்த கிண்டியில் உள்ள கிங் நிலையம், அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே 1899ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அம்மை குத்துபவர் ஊர்தோறும் வந்தனர். மருந்து இருந்தது; அதனை வைப்பதற்கு ஆளும் இருந்தனர்; சட்டமும் இருந்தது. அப்படியிருந்தும் நோய் மட்டும் ஒழியவில்லை. ஜென்னருக்குப் பின் 170 ஆண்டுகள் கழிந்தும் அது இந்தியாவில் நிலைத்திருந்தது. ஏன்?

இந்த வினாவிற்கு விடைகாண 1962ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டில் நம் அரசு தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் மக்களுள் 100க்கு 80 பேருக்காவது அம்மை குத்திவிட்டால், நோய் பரவ வழியின்றி அற்றுப்போகும் என்பது எதிர்பார்ப்பு. கோடிக்கணக்கானவர்க்கு அம்மை குத்தப்பெற்றது, பதிவேடுகள் நிறைந்தன. சில இடங்களில் காகிதத்தின்படி இலக்கு நிறைவேறியும் விட்டது. ஆயினும் அதே இடங்களில் அம்மை தொடர்ந்து கண்டது.

காரணம் இதுதான். பதிவேட்டில் எழுதப்பெற்றது எத்தனை முறை அம்மை குத்தினார்கள் என்னும் கணக்கே அன்றி, எங்கே நோய் இருக்கிறது என்னும் கணக்கு அன்று. பள்ளிப் பிள்ளைகள் எளிதில் கிடைத்தனர். ஆகவே ஒரே பிள்ளைக்கு ஆண்டுதோறும் குத்தி எண்ணிக்கையை நிறைத்துக்கொள்ள முடிந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தையும், கூலிக்காக ஊர்விட்டு ஊர் சென்ற தொழிலாளியும், ஊர்ப்புறத்தில் குடிசை போட்டுத் தங்கிய நாடோடியும் விடுபட்டுப் போயினர். நோயோ பதிவேட்டைப் பார்த்து நடப்பதில்லை. விடுபட்டவர்களைத் தேடி அது சென்றது.

இதனினும் பெரிய குறை ஒன்று இருந்தது. அது மறைத்தல். 1967ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மையை உலகினின்றும் ஒழிக்கும் தீவிர முயற்சியில் இறங்கியது. அவ்வாண்டில் உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்து அறிவித்த நோயாளர் தொகை ஏறத்தாழ 1,31,000. உண்மையில் நோயுற்றவர் 1 கோடி முதல் 1.5 கோடி வரை இருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டனர். அதாவது, 100 பேர் நோயுற்றால் ஒருவர்தாம் கணக்கில் ஏறினார். மற்ற 99 பேர் காகிதத்தில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே மறைந்தது பூசணித் தோட்டமே.

மறைத்தவர் கொடியவர் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. ஓர் ஊரில் அம்மை கண்டது என்று கீழ்நிலைச் சுகாதார ஊழியர் எழுதினால், மேலிடத்திலிருந்து வரும் முதற் கேள்வி, நீ ஒழுங்காக அம்மை குத்தவில்லையா என்பதாக இருந்தது. உண்மையை எழுதியவர் பழிக்கு ஆளானார்; எழுதாதவர் நல்ல பெயர் பெற்றார். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் எவர் எழுதுவார்? ஊழியர் மேற்பார்வையாளருக்குக் குறைத்துச் சொன்னார். அவர் மாவட்டத்திற்கு இன்னும் குறைத்துச் சொன்னார். தலைநகரை அடைந்தபோது நாடு நலமாக இருந்தது, காகிதத்தில்.

தமிழ்நாட்டில் அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகுவது வழக்கம். அதைக் கண்டு தெரு முழுவதும் செய்தி அறியும். மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவர்கள் கூட, நோய் வீட்டில் இருக்கிறது என்பதை ஊருக்கு மறைக்கவில்லை. அம்மை குத்துபவர் வந்தபோது அஞ்சிப் பிள்ளையை ஒளித்த குடும்பங்களும் உண்டு. எனினும் பல ஊர்களில் வாசல் சொன்ன உண்மையை அலுவலகம் சொல்லவில்லை என்பதே பொதுவான நிலை.

நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை அணுகி நோக்கியவர்களே புதுவழி கண்டனர். சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஏ. ஆர். ராவும் அவருடைய துணைவரும் நோய் கண்ட 254 குடும்பங்களைத் தனித்தனியே ஆராய்ந்து, ஒருவரிடமிருந்து வீட்டிலுள்ள மற்றவர்க்கு அம்மை எவ்வாறு செல்கிறது என்பதை 1968ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கிழக்கு நைஜீரியாவில் 1966ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகி என்பவருக்கு வேறொரு நெருக்கடி நேர்ந்தது. எல்லார்க்கும் குத்துவதற்குப் போதிய அம்மைப்பால் அவரிடம் இல்லை. ஆகவே, நோய் எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டறிந்து, அந்நோயாளியைச் சுற்றியுள்ளவர்க்கு மட்டும் குத்தினார். நோய் அடங்கியது.

இது மந்திரம் அன்று. நோயின் இயல்பை அறிந்து செய்த செயல். பெரியம்மை தொற்றிய பின் காய்ச்சல் காண ஏறத்தாழ 12 நாள்கள் ஆகும். அதற்குமுன் அவர் பிறர்க்கு நோயைப் பரப்புவதில்லை. பெரும்பாலும் முகத்துக்கு முகம் நெருங்கிப் பழகுவோர்க்கே அது தொற்றும். நோயுற்றவரை முகமே காட்டிக்கொடுக்கும். விலங்குகளிடத்தில் அது ஒளிந்து வாழ்வதில்லை. தொற்றிய சில நாள்களுக்குள் அம்மை குத்திவிட்டால் அப்போதும் பயன் உண்டு. எனவே, ஒவ்வொரு நோயாளியையும் விரைவில் கண்டுபிடித்து, அவரைச் சுற்றி வேலி கட்டுவதுபோல அம்மை குத்திவிட்டால், நோய் அந்த வேலிக்குள்ளேயே அவிந்துவிடும். இதற்குத் தேவையானது ஒன்றே: நோயாளி எங்கே இருக்கிறார் என்னும் உண்மை. எது மறைக்கப்பெற்றதோ, அதுவே மருந்தினும் முதன்மையான தேவையாயிற்று.

1973ஆம் ஆண்டில் தென்மாநிலங்கள் பெரும்பாலும் நோயினின்று விடுபட்டிருந்தன. உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்காளம் என்னும் நான்கு மாநிலங்களில் அது வேரூன்றி இருந்தது. மருத்துவர் எம். ஐ. டி. சர்மா, மருத்துவர் பி. தீஷ் முதலிய இந்திய அதிகாரிகளும், உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் நிக்கோல் கிராசே, ஃபேகி முதலியோரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். அறிக்கை வரட்டும் என்று காத்திருப்பதை விட்டு, நாமே சென்று தேடுவோம் என்பது அம்முடிவு. அவ்வாண்டு அக்டோபரில் முதல் தேடல் தொடங்கியது. ஊழியர்கள் கையில் அம்மை கண்ட குழந்தையின் வண்ணப் படம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். இப்படிப்பட்ட நோய் இவ்வூரில் எவர்க்கேனும் உண்டா என்று தலைவரைக் கேட்டனர்; சந்தையில் கேட்டனர்; தேநீர்க் கடையில் கேட்டனர்; பள்ளிக்கூடத்திற்குச் சென்று பிள்ளைகளைக் கேட்டனர். பள்ளிப் பிள்ளைகள் நல்ல துப்பு கொடுத்தார்கள் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விட முடியவில்லை. பெரியவர் தயங்கிய இடத்தில், எங்கள் தெருவில் ஒருவருக்கு இருக்கிறது என்று கள்ளமின்றிச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாமே!

ஒரு வாரத்துக்குள் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மட்டும், அதுவரை எவரும் அறிவிக்காதிருந்த நோயாளர் ஏறக்குறைய 10,000 பேர் கண்டறியப்பெற்றனர். எவரும் இதனை எதிர்பார்க்கவில்லை. நோயை ஒழிக்கப் புறப்பட்டவர்களின் முதல் பயன், நோயின் எண்ணிக்கை உயர்ந்தது!

இவ்விடத்தில்தான் உண்மையான சோதனை வந்தது. 1973ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான நோயாளர் ஏறத்தாழ 88,000. 1974ஆம் ஆண்டில் அது 1,88,000 ஆயிற்று. இரு பத்தாண்டுகளாகக் காணாத தொகை அது. அந்த உயர்வில் ஒரு பகுதி உண்மையாகவே பீகாரில் மூண்ட கொள்ளைநோய். மற்றொரு பகுதி, முன்னே மறைந்து கிடந்தது வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் நாடெங்கும் இருப்புப்பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. அதே மாதம் 18ஆம் நாள் போக்ரானில் இந்தியா அணுவெடிச் சோதனை நிகழ்த்தியது. அணுவைப் பிளக்கத் தெரிந்த நாட்டுக்கு அம்மையை ஒழிக்கத் தெரியவில்லையே என்று வெளிநாட்டுச் செய்தித்தாள்கள் குத்திக் காட்டின. தேடலை நிறுத்திவிட்டால் அந்த எண்ணிக்கை மறு வாரமே குறைந்திருக்கும். மானமும் காப்பாற்றப்பட்டதுபோல் தோன்றியிருக்கும். பூனையின் வழி அருகிலேயே திறந்து கிடந்தது.

பீகாரில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி ஃபேகி தம் நூலில் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை உயர்வதைக் கண்டு கவலையுற்ற மாநிலச் சுகாதார அமைச்சர், இந்தப் புதுமுறையை விட்டுவிட்டு எல்லார்க்கும் அம்மை குத்தும் பழைய முறைக்கே திரும்புவோம் என்றார். அப்போது இந்திய மருத்துவர் ஒருவர் எழுந்து, தம் ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால் மற்ற வீடுகளின்மேல் எவரும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதில்லை என்றும், எரிகிற வீட்டுக்கே ஓடுவார்கள் என்றும் சொன்னாராம். அமைச்சர் இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்க இசைந்தார். அந்த ஒரு மாதத் தவணையில் பெரும்பயன் அடங்கியிருந்தது. எரிகிற வீட்டுக்கு ஓட வேண்டுமானால், எது எரிகிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?

தேடல் தொடர்ந்தது. காலப்போக்கில் அது நாடு முழுவதும் பரவி, ஐந்தே முக்கால் இலட்சம் கிராமங்களையும் 10 கோடிக்கு மேற்பட்ட வீடுகளையும் தழுவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர் அதில் ஈடுபட்டனர். ஊழியர் சென்ற ஊர்களுள் சிலவற்றிற்கு வேறு அதிகாரிகள் மீண்டும் சென்று, உண்மையாகவே தேடினார்களா என்று சோதித்தனர். இவற்றையெல்லாம்விட முக்கியமான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. நோய் இருப்பதைச் சொல்பவர்க்குப் பழி என்பது போய்ப் பரிசு என்றாயிற்று. புதிய நோயாளியைப் பற்றி முதலில் அறிவிப்பவர்க்கு முதலில் 50 ரூபாய், பின்னர் 100 ரூபாய், இறுதியில் 1,000 ரூபாய் என்று பரிசு உயர்ந்தது. நோய் அருகி வர வர, உண்மையின் விலை ஏறிக்கொண்டே போயிற்று.

1975ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான நோயாளர் 1,500க்கும் குறைவு. அவ்வாண்டு மே மாதத்தில் பீகாரின் கட்டிகார் மாவட்டத்தில் உள்நாட்டின் கடைசி நோயாளியும், வங்காளதேசத்திலிருந்து அசாமின் கரீம்கஞ்சுக்கு வந்த ஒருவரும் காணப்பெற்றனர். அத்துடன் இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. பரிசை அதற்குப் பின்னும் நிறுத்தவில்லை. இல்லை என்று சொல்வதற்கும் தேடிப் பார்க்க வேண்டும் அல்லவா? இரண்டு ஆண்டுகள் தேடியபின், 1977ஆம் ஆண்டு ஏப்ரலில் அனைத்துலகக் குழு இந்தியா விடுபட்டதை உறுதிசெய்தது. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலகமே விடுபட்டதாக உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. 170 ஆண்டுகள் மருந்தை வைத்துக்கொண்டு முடியாத செயல், உண்மையைத் தேடத் தொடங்கிய 20 மாதங்களில் முடிந்தது.

இந்த வெற்றியைப் பேசும்போதும் உள்ளதை உள்ளவாறு சொல்ல வேண்டும். அவசரத்தில் சில இடங்களில் ஊழியர்கள் இரவில் வீடு புகுந்து, விருப்பமில்லாதவர்க்கும் பலவந்தமாக அம்மை குத்தினார்கள். அதனால் அச்சமும் கசப்பும் விளைந்தன. பெரும்பயன் கிடைத்தது என்பதற்காக இதனை மறைத்தால், நாம் கண்ட பாடத்தையே கைவிட்டவர் ஆவோம். நல்ல கதையிலும் மறைக்கத் தோன்றும் பக்கம் ஒன்று இருக்கும். அதனையும் படித்தால்தான் அடுத்த முறை திருத்திக்கொள்ள இயலும். இளம்பிள்ளை வாத ஒழிப்பில் கை கால் திடீரெனத் தளர்ந்த ஒவ்வொரு குழந்தையையும் தேடிக் கணக்கிட்டனர். அந்நோயின் கடைசி நோயாளி இந்தியாவில் 2011ஆம் ஆண்டு ஜனவரியில் காணப்பெற்றார். 2014ஆம் ஆண்டில் நாடு விடுபட்டது என்று உறுதியாயிற்று. அங்கும் வேலையின் அடித்தளம் தேடலும் கணக்குமே.

மாணவர்களே, இது அரசாங்கத்திற்கும் மருத்துவர்க்கும் மட்டும் உரிய பாடம் அன்று. தேர்வில் குறைந்த மதிப்பெண் வருகிறது. விடைத்தாளைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைப்பவன், நோயாளியை எழுதாது விட்ட ஊழியனுக்கு ஒப்பானவன். எனக்குக் கணக்கே வராது என்று கையை விரிப்பவனோ, உண்மையை ஒப்புக்கொண்டதுபோல் தோன்றினாலும், ஒப்புக்கொண்டவன் அல்லன். இந்தியாவில் அம்மை இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது போன்றது அது. எந்த மாவட்டம், எந்த ஊர், எந்த வீடு? பின்னங்களைக் கூட்டும்போது தவறுகிறேனா? வினாவைப் படித்துப் புரிந்துகொள்வதில் தவறுகிறேனா? தெரிந்த கணக்கையே விரைந்து செய்து தவறவிடுகிறேனா? விடைத்தாளைக் கையில் எடுத்து ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதிப் பாருங்கள். முதல் நாள் பிழைகள் கூடித் தோன்றும். அஞ்ச வேண்டா. பிழை கூடவில்லை, உங்கள் பார்வை கூடியிருக்கிறது. கணக்கே வராது என்னும் பெரிய இருள், மூன்று நான்கு சிறிய பிழைகளாகச் சுருங்கிவிடும். சிறிய பிழைக்கு மருந்து உண்டு.

இதனைக் கேட்கும் பெற்றோரும் ஆசிரியரும் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். உண்மையைச் சொன்ன பிள்ளை அடிபட்டால், அடுத்த முறை அவன் உண்மையைக் கற்றுக்கொள்வதில்லை, மறைக்கக் கற்றுக்கொள்கிறான். 1973க்கு முன் நம் சுகாதாரத் துறையில் நிகழ்ந்தது நம் வீட்டிலும் வகுப்பறையிலும் நிகழும். பிழையைத் தானே முன்வந்து சொல்பவனைப் பாராட்டிவிட்டுப் பிறகு பிழையைத் திருத்துங்கள். அந்தப் பாராட்டு, பீகாரில் கொடுத்த பரிசைப் போன்றது; அதன் பயன் பன்மடங்கு.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று ஆராய்வதையும் அதன் காரணத்தை ஆராய்வதையும் முன்னே வைத்து, தீர்க்கும் செயலை அவற்றின் பின்னரே வைத்தார் வள்ளுவர். அந்த வரிசையை மாற்றி, மருந்தை முன்னே வைத்து நோயைப் பின்னே தேடிய காலமெல்லாம் பெரியம்மை நம்மிடையே வாழ்ந்தது. வரிசையை நேராக்கியவுடன் அது அகன்றது. உங்களுக்கு வேண்டாத உண்மை ஒன்று எதிரே வந்து நிற்கும் நாளில் இந்த வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள், எழுதியதை நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். மாற்றும் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.